பாதைக்குக் கீழே

துறையடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று எவராவது சொன்னால், கிண்ணியாவில் அவருக்கு அன்றைக்கு எந்த வீட்டிலும் தேநீர் கிடைத்திருக்காது. பால் பல் விழுமுன்னே விடியற்காலையில் ஓதப் போய், பத்து வயதுக்குள் குர்ஆனை ஒரு தடவை முடித்து, அந்தச் சந்தோசத்துக்கு ஊரைக் கூட்டிச் சோறு போடவைத்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிய முப்பத்தெட்டுப் பேரில் கணிதத்தில் தேறியவர்கள் நான்கே பேர். அதில் ஒருவன் கந்தளாயில் இருந்து வந்து படித்தவன்.

அதிபர் முனாப் புடைவை வியாபாரக் குடும்பத்து ஆள். துணியை விரலால் நெருடிப் பார்க்காமல் எதையும் ஏற்கமாட்டார். பத்தாம் வகுப்புக்குப் போனார். நீர்த்தொட்டி நிரம்பும் கணக்கொன்றை ஒருத்தியை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் ஓர் எழுத்துப் பிசகாமல், நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, இழுக்கும் இடத்தில் இழுத்து அழகாக வாசித்தாள். சரி, இப்போது என்ன கேட்டிருக்கிறார்கள் என்றார் அதிபர். வாசிக்கச் சொன்னீங்க சேர், வாசிச்சேன் என்றாள் பிள்ளை. அவள் முகத்தில் குறும்பு இல்லை. உண்மையாகவே அவ்வளவுதான் அவளுக்கு விளங்கியிருந்தது.

பிள்ளைகள் தமிழையும் ஓதுகிறார்கள், வாசிக்கவில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் முனாப் சொன்னார். அறபு எழுத்தைப் பொருள் தெரியாமல் சத்தமாக்கிப் பழகிய நாக்கு, விஞ்ஞானப் புத்தகத்தையும் அப்படியே சத்தமாக்குகிறது. ஆகவே அடுத்த ஞாயிறு தொடக்கம் கணிதம், விவசாயம், சுகாதாரம், இஸ்லாம் எந்தப் பாடமானாலும் கடைசிப் பத்து நிமிடம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததைத் தங்கள் ஊரில் தாங்கள் கண்டதோடு சேர்த்து மூன்று வசனம் எழுதவேண்டும். கணித ஆசிரியர் ஹிஸ்புல்லா, என் பாடத்தில் எழுத்துக்கு என்ன வேலை, இனி நான் தமிழ் வகுப்பில் பெருக்கல் கேட்கவா என்று சிரித்தார். கேளுங்கோ என்றார் முனாப்.

எல்லாப் பாடக் கொப்பிகளையும் வியாழக்கிழமை தோறும் திருத்தும் வேலை தமிழ் ஆசிரியை ஸல்ஹாவின் தலையில் விழுந்தது. வெள்ளியும் சனியும் விடுமுறை. வீட்டில் அவளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. புருஷன் இருந்தானா இல்லையா என்பதுதான் தெரியாது.

அவன் பெயர் அபூதாஹிர். கிண்ணியாத் துறையில் பாதையில் வேலை. அந்தப் பக்கத்தில் பாதை என்றால் தெரு அல்ல. லொறியையும் பஸ்ஸையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போகிற இரும்புத் தட்டை அப்படிச் சொல்வார்கள். அடியில் மிதப்பதற்கு இரும்புப் பெட்டிகள், பக்கத்தில் கட்டித் தள்ளுவதற்கு ஓர் இயந்திரப் படகு. திருகோணமலை பட்டினத்துக்குப் போக வேறு வழி சுற்று வழி. சுற்று வழியில் காவலரண் அதிகம். அபூதாஹிர் கயிறு வீசிக் கட்டுவான். ஏறுகிற தலைகளை உரத்த குரலில் எண்ணுவான். இடுப்பில் பச்சை வார் கட்டி, சாரனை முழங்காலுக்கு மடித்து, ஒன்று இரண்டு என்று அவன் எண்ணுவதை எதிர்க்கரையிலும் கேட்கலாம். தை மாதத்து மழைநாள் ஒன்றில் காலை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. யார் கொண்டுபோனார்கள், எந்தப் பக்கத்தவர்கள் என்று ஊர் விசாரிக்கவில்லை. அந்தக் காலத்தில் விசாரித்தவர் வீட்டிலும் ஒருவர் குறைவார். இராணுவ முகாமில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் புல்லு வெட்டுகிறவர்களோடு கண்டதாக ஒருவர். புத்தளத்தில் கடை வைத்திருப்பதாக இன்னொருவர்.

இந்தச் செய்திகளில் அவனுடைய தாய் பரீதா தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஐம்பத்தைந்து வயது, நல்ல தேகக்கட்டு, சந்தையில் மீன்காரனையே மீனின் வயதைச் சொல்லவைக்கிறவள். மகன் உயிரோடு, ஹயாத்தோடு இருக்கிறான் என்பது அவளது முடிவு. தினமும் பகல் சாப்பாட்டில் ஆணம் என்கிற மீன்குழம்பின் நடுத்துண்டை எடுத்து மூடிவைப்பாள். பின்னேரம் அஸர் தொழுத பிறகு வழியில் போகிற யாருக்காவது கொடுத்துவிடுவாள். யாராவது மௌத்து, மரணம் என்ற சொல்லை எடுத்தால் முந்தானையைக் காதில் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அதனால் அவனுக்காகப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா, அதாவது உடல் இல்லாமலே தொழுகிற தொழுகை, நடக்கவில்லை. ஸல்ஹா இத்தா இருக்கவில்லை. நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் வெள்ளை உடுத்து இருந்து முடித்திருந்தால் அவள் விதவை. இருக்காததால் அவள் மனைவி. யாருடைய மனைவி என்று கேட்டால் கையை நீட்டிக் காட்ட ஆளில்லை. பத்து மாதமாக இரண்டும் அல்லாமல் பள்ளிக்கூடம் போய் வந்தாள். மரித்தவனுக்குத் தொழுகையாவது கொடுக்காமல் வைத்திருக்கிறோமோ என்ற எண்ணம் கொப்பி திருத்தும்போது கூட அவளுக்கு வந்து போகும்.

முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் புத்தகத்தையே ஒப்புவித்து எழுதினார்கள். மூன்றாம் வாரம் மழை தொடங்கியது. கொப்பிகள் ஈரவாடை வீசிக்கொண்டு வந்தன. அந்த வாரம் வசனங்கள் மாறின.

ஏழாம் வகுப்பு, கணிதம்: பாதையில் ஒன்பது பேர் ஏறினார்கள். எட்டுப் பேர் இறங்கினார்கள். மீதி ஒன்று. ஹிஸ்புல்லா அதற்குச் சரி போட்டிருந்தார், கழித்தலில் பிழையில்லைதானே. ஒன்பதாம் வகுப்பு, அட்சரகணிதம்: x என்பது பாதைக்குக் கீழே இருப்பவர் எனக் கொள்க. சுகாதாரம்: தண்ணீரில் நெடுநேரம் இருப்பவரின் விரல்கள் வெளிறிச் சுருங்கும். விஞ்ஞானம்: பாதைக்குக் கீழே வெயில் படாது, ஆகவே அங்கே இருப்பவருக்குக் குளிரும். இஸ்லாம்: இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். தண்ணீரிலேயே இருப்பவருக்கு வேண்டாம்.

ஸல்ஹா சந்திப்பிழைகளைத் திருத்தினாள். குறில் நெடில் பார்த்தாள். றகர ரகரம் மாற்றினாள். நூற்றுப் பத்துக் கொப்பி. கண் எழுத்தில் போயிற்று, கை சிவப்பு மையில் போயிற்று. முன்னேற்றம் என்று அதிபரிடம் சொன்னாள், அவரும் சந்தோசப்பட்டார்.

அடுத்த வாரம் கல்விக் கந்தோரில் இருந்து தமிழ் ஆலோசகர் கனகசுந்தரம் வந்தார். ஊர் யாழ்ப்பாணம், பட்டினத்துக்கு மாற்றலாகி ஒரு மாதம்தான். மனிதர் நனைந்து, இரண்டு காவலரணில் பையைக் கொட்டிக் காட்டி, அப்படியும் சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்தார். தயிரும் சர்க்கரையும் கொடுத்தார்கள். கொப்பிகளை எடுத்துப் பச்சை மையால் தானும் சிலவற்றைத் திருத்தினார். பிறகு ஸல்ஹாவைக் கூப்பிட்டார்.

“நல்ல வேலை செய்யிறியள் டீச்சர். பிள்ளையள் சொந்தமா எழுதுதுகள். ஆனா ஒரு பிழை எல்லா வகுப்பிலயும் கிடக்கு, நீங்கள் கவனிக்கேல்லைப் போல. பாதைக்குக் கீழே எண்டு எழுதுதுகள். பாதையில எண்டோ பாதையோரம் எண்டோ வரவேணும். தெருவுக்குக் கீழ ஒருத்தர் எப்பிடி இருப்பார்?”

ஸல்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது.

“பிழையில்ல சேர். இங்க பாதை எண்டா தெருவில்ல. நீங்க இப்ப ஏறி வந்தீங்களே, அதுதான் பாதை. பாதைக்குக் கீழ எண்டா அந்தத் தட்டுக்கு அடியில, தண்ணிக்குள்ள. ஒராள் அங்க...”

வெளியாள் ஒருவருக்கு விளங்கப்படுத்தப் போனபோதுதான் அவளுக்கே விளங்கியது. நூற்றுப் பத்துக் கொப்பியையும் அவள் அதுவரை ஓதியிருக்கிறாள். பிள்ளைகள்தான் வாசித்து எழுதியிருக்கிறார்கள்.

கனகசுந்தரம் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கொப்பியை மெல்ல மூடினார். உங்கட வீட்டுக்காரர் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. யாரோ அவருக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டும். தான் பச்சை மையால் போட்ட திருத்தங்களை ஒவ்வொன்றாக வெட்டி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்துவிட்டு மழையிலேயே திரும்பிப் போனார். சுற்று வழியால் போனதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

ஏழாம் வகுப்பு அசனாவை ஸல்ஹா தனியே கூப்பிட்டுக் கேட்டாள். மெலிந்த பிள்ளை, கண் இமைக்காமல் பதில் சொல்கிற பழக்கம். யாரும் சொல்லித் தந்ததா, வீட்டில் கதைத்தார்களா என்றெல்லாம் கேட்டதற்கு இல்லை என்றாள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினீர்களா என்றதற்கும் இல்லை. ஆறாம் வகுப்பு காலையில் படிப்பது, ஒன்பதாம் வகுப்பு வேறு கட்டடத்தில் இருப்பது என்பதை ஸல்ஹாவே அறிவாள்.

“அப்ப எப்படிப் புள்ள தெரியும்?”

“கண்டத எழுதச் சொன்னீங்களே டீச்சர். நாங்க கேட்டத எழுதினோம். பாதையில போகக்குள்ள கீழ எண்ணுற சத்தம் வரும். ஒண்டு, ரெண்டு எண்டு. எட்டு வரைக்கும் வரும். பொறகு வராது. பெரியாக்களுக்குக் கேக்காது போல, அவங்க கதைச்சிட்டே வருவாங்க.”

“பயமில்லையா?”

“இல்ல டீச்சர். அவர் முந்தியும் எண்ணுவார்தானே.”

முனாப்பிடம் போனபோது அவர் கொப்பிகளை வரிசையாக விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை போடுகிறவர், அன்றைக்கு வாயில் ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை முகாமில் இருந்து ஆட்கள் பள்ளிக்கூடம் பார்க்க வருவதும் அதில் ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிவதும் அவருக்குத் தெரியும். தங்கச்சி, என் கையில் அறுநூறு பிள்ளை இருக்கு என்று மட்டும் சொன்னார். திட்டத்தை நிறுத்தமாட்டாராம், பரீட்சைக்கு ஒரு வருஷம்தான் இருக்கிறது. ஆனால் பாதை என்ற சொல்லை இனி எந்தப் பாடத்திலும் எழுதக்கூடாது. காலைக் கூட்டத்தில் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். காரணம் சொல்லவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை வந்த கொப்பிகளில் அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை. சொல்லுக்கிருந்த இடம் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை, இரண்டு எழுத்து அகலத்துக்கு வெற்றிடம் விட்டு, அதற்குப் பக்கத்தில் க்குக் கீழே என்று எழுதியிருந்தது. இடைவெளி நிரப்புக என்று வினாத்தாளில் வருமே, அப்படி. வெற்றிடங்கள் எல்லாம் ஒரே அளவு. ஸல்ஹா அளவுகோல் வைத்துப் பார்த்தாள். பிறகு அளவுகோலை மேசைக்குள் போட்டுப் பூட்டினாள்.

சனிக்கிழமை முற்பகல், சாரல் மழையில் அவள் பாதையில் ஏறினாள். போக்கிடம் ஒன்றுமில்லை, போய் இறங்காமலே திரும்பி வருவதாக நினைப்பு. அன்றைக்குச் சனம் குறைவு. ஒரு மரக்கறி லொறி, சைக்கிளில் இரண்டு நிலாவெளி மீன்காரர். படகில் திருப்பும் சக்கரத்தைப் பிடித்திருந்தவர் ஆதம்பாவா. பன்னிரண்டு வருஷம் அபூதாஹிரோடு ஒரே சோற்றுப் பொதியைப் பிரித்துத் தின்றவர். தை மாதத்துக்குப் பிறகு ஒரு நாளும் அவர்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. வழியில் கண்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கிவிடுவார்.

நடுத் தண்ணீரில் பாதை இடப் பக்கம் சாய்ந்து இழுபட்டது. லொறி வலப்பக்கம் நின்றது. ஆதம்பாவா சக்கரத்தை ஒடித்துப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், தங்கச்சி அந்தப் பக்கம் நிக்காதீங்க என்றார். ஸல்ஹா நகரவில்லை. படகோடு ஒட்டிய விளிம்புக்கு வந்து, தை மாதத்து அந்த மழைநாளில் ஒன்பது பேர் ஏறினதா என்று கேட்டாள். இந்தக் கேள்வி எப்போதாவது வரும் என்று பத்து மாதமாகக் காத்திருந்தவர் போல அவர் தலையாட்டினார்.

“என்னைத் திரும்பிப் பாக்க வேணாமெண்டாங்க. நான் பாக்கல்ல. தண்ணியில சத்தம் கேட்டது, அப்பவும் பாக்கல்ல. கரையில எறங்கக்குள்ள எண்ணினேன். அவன்ட வேலை அது, அண்டைக்கு நான் எண்ணினேன். எட்டு.”

“பொறகு?”

“நாலு நாள் கழிச்சு, பெட்டி ரெண்டுக்கும் நடுவில ஒரு கம்பி கிடக்கு, அதில சிக்கினது ஒண்டு கண்டேன். பச்சை வார். அதுக்குள்ள அவன்... நான் கம்பியக் கழட்டி விட்டேன், தங்கச்சி. மேல கொண்டுவந்தா என்னையும் கேப்பாங்க. நீரோட்டம் அண்டைக்குக் கடல் பக்கம். போனான். ஆனா பாதை அதுக்குப் பொறகும் இழுபடுதுதான். நீங்களே பாக்கிறீங்க.”

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். ஆரும் கேக்கல்ல என்றார். அவளும் கேட்கவில்லைதானே. பள்ளிவாசலில் வந்து சொல்வீர்களா என்றாள்.

“பரீதா மாமி கூப்பிட்டா இப்பவே வாறேன். அவ கூப்பிடாம நான் போய்ச் சொன்னா, அவட மகனை நான்தான் கொன்னதாகும். அவ வாயால வரணும்.”

பாதை அக்கரை தொட்டு, லொறி இறங்கி, வேறு சனம் ஏறித் திரும்பிற்று. ஸல்ஹா இடப்பக்கத்திலேயே நின்று வந்தாள். அவளுக்கு எண்ணுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதற்காகத்தான் அந்த நாளில் முதன்முறையாக அழுதாள்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் முந்தானை காதுக்குப் போய்விடும். தமிழில் எழுதிக் கொடுத்தால் பரீதாவுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. ஆனால் அறபு எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முப்பது வருஷமாக அயல் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறாள். அறபு எழுத்திலே தமிழை எழுதிவைத்த பழைய அறபுத் தமிழ்க் கிதாபுகளையும் நோன்பு காலத்தில் ராகம் போட்டுப் படிப்பாள். இன்னொரு வழக்கமும் அவளிடம் உண்டு. அந்த எழுத்தில் எழுதியதைத் தொடங்கினால் நடுவில் விடக்கூடாது, விட்டால் எழுத்துக்கு மரியாதை இல்லை. காதை மூடத் தெரிந்தவளுக்கு அந்த எழுத்தின் முன்னால் கண்ணை மூடத் தெரியாது. ஸல்ஹா சரக்கை அந்தப் பக்கத்தால்தான் கொண்டுபோனாள்.

அன்றைக்கே, பகல் லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் நடுவில், மழை விட்டு வெயில் மங்கலாக அடித்த நேரத்தில், கோடு போட்ட தாளில் நாலு வரி எழுதினாள். சிறுவயதில் தன் உம்மாவிடம் பழகிய எழுத்து. தமிழ் பகரத்துக்கு அறபியில் எழுத்தில்லாததால் புள்ளி கூட்டி எழுதுவார்கள், அதை மறக்காமல் இட்டாள். மூன்று வரி பிள்ளைகளுடையது. பாதைக்குக் கீழே ஒருவர் இருக்கிறார். ஒன்பது பேர் ஏறினார்கள், எட்டுப் பேர் இறங்கினார்கள். தண்ணீரிலேயே இருப்பவருக்குத் தண்ணீர் வேண்டாம். நாலாவது அவளுடையது.

பரீதா குசினிக்குள் சட்டி கழுவிவிட்டு வந்தாள். அறபெழுத்தைக் கண்டதும் கையை மறுபடி கழுவி, தலையில் துணியை இழுத்துவிட்டு, பாயில் நேராக இருந்தாள். ஸல்ஹா முன்வாசல் நிலையோரம் நின்றாள். பக்கத்தில் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பரீதா பிஸ்மி சொல்லித் தொடங்கினாள். நல்ல குரல். முதல் வரி ராகத்தில் ஏறியது. இரண்டாம் வரியில் எட்டு என்ற இடத்தில் இனிமையாக இழுத்தாள். மூன்றாவது வரியை ஒரே மூச்சில் முடித்தாள். ஒரு சொல்லும் அவளுக்குள் போகவில்லை என்று ஸல்ஹாவுக்குத் தெரிந்தது. வகுப்பில் கேட்கிற அதே குரல்தான்.

நாலாவது வரியில் குரல் நின்றது. முதல் மூன்று வரியும் அறபெழுத்துக்குள் ஒளித்துவைத்த தமிழ். நாலாவதில் இருந்ததோ அறபுப் பெயர், அறபிலேயே எழுத வேண்டிய விதமாக எழுதப்பட்ட பெயர். முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன் பள்ளிவாசல் லெவ்வை எழுதிக் கொடுத்து, அவள் தொட்டிலில் கட்டிய பெயர். அதைச் சத்தமாக்கிவிட்டுத் தாண்டிப் போக அவளால் ஏலாது. அபூதாஹிர்.

அவள் நிமிரவில்லை. விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனாள். இந்த முறை ராகம் இல்லை. சந்தையில் ஒரு பொருளின் விலையை ஆறுதலாகக் கேட்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக, பாதைக்கு, கீழே, ஒருவர் என்று போனாள். இரண்டாம் வரியின் முடிவில் உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் வரிக்கு வந்தபோது அதுவும் இல்லை. கண்ணால் மட்டும் வாசித்தாள். அப்படி அவள் வாசித்து ஸல்ஹா ஒருநாளும் கண்டதில்லை.

வெளியில் வேலியோரத்தில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நிற்பது தெரிந்தது. படலைக்கு வரவில்லை.

“இது ஆர்ட எழுத்து?”

“எழுதினது நான், மாமி. வசனம் புள்ளைகள்ட. ஆதம்பாவாக்கும் தெரியும்.”

பரீதா தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்தாள். ஒரு புள்ளி தவறியிருந்தால், ஒரு குறி இடம் மாறியிருந்தால், சொல் வேறாகும், பொருள் வேறாகும். பிள்ளைகளின் பலகையில் அப்படிப்பட்ட பிழைகளை முப்பது வருஷம் பிடித்தவள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, விரல் நகத்தால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தேடினாள். அவ்வளவு நேரமும் ஸல்ஹாவின் கை நிலையைப் பிடித்திருந்தது. பிழை அகப்பட்டால் நல்லது என்று அவளும் அப்போது ஒரு கணம் நினைத்தாள்.

“ஒரு எழுத்தும் பிழையில்ல” என்றாள் பரீதா.

தாளை நாலாக மடித்தாள். முகம் ஈரமாக இல்லை. எழுந்து போய், பகல் மூடிவைத்திருந்த கோப்பையைத் திறந்து, பாரை மீனின் நடுத்துண்டைக் கொண்டுவந்து சோற்றில் வைத்துத் தானே தின்றாள். ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் வைத்தாள். தின்று முடித்துக் கை கழுவி, வேலிப் பக்கம் பார்த்து, அங்கே நிற்பவருக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்.

“ஆதம்பாவா, பள்ளிவாசலுக்குப் போய் மோதினாரிட்டச் சொல்லுங்க. என்ட மகனுக்குத் தொழுவிக்கணும். நான் சொன்னதெண்டு சொல்லுங்க.”

சைக்கிள் மணி ஒலிக்காமல் சைக்கிள் போயிற்று. பிறகு மருமகளைப் பார்த்தாள். குரல் கடுமையாக வந்தது, கடுமை இல்லாமல் அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

“இனி ஆம்புளைகள் காணுற இடத்தில நிக்காத, மகள். உள்ளுக்கு வா.”

ஸல்ஹா நிலையிலிருந்து கையை எடுத்தாள். படி தாண்டி உள்ளே வந்தாள். மாமியார் அவளுக்குப் பின்னால் கதவை மெதுவாகச் சாத்தினாள்.